நாகம் பார்க்க வந்தவள்

ஒலுமடுவில் மூன்றாவது படலையில் நின்று
"தண்ணிக்குள்ளை நாகம் இருக்கோ எண்டு
பார்க்க வந்தனான்" என்றேன்.
யோகமலர் விளக்குமாற்றைத் திருப்பிப் பிடித்தாள்.
"தாங்கிக்குள்ளையோ?"

பிழை என்னுடையது.
பள்ளிப் புத்தகத்தில் அதற்கு நாகம் என்றுதான் பெயர்,
அணுவெண் முப்பது.
பரீட்சைத் தாளில் ஒருநாளும் படமெடுத்ததில்லை.
"தகரத்துக்குப் பூசுவினமே, அந்த வெள்ளை" என்றேன்.
விளக்குமாறு தரைக்கு இறங்கியது.
மகன் கபிலாஷ் மட்டும்
தாங்கியை விட்டு ஓரடி தள்ளியே நின்றான்.

ஆடி பிறந்தால் கிணறு உவர்த்துவிடுகிறது.
ஆகையால் மாரி முழுக்கக்
கூரையில் விழுவதைப் பிடித்து வைக்கிறார்கள்
ஆயிரம் லீற்றர் கறுப்புத் தாங்கியில்.
கூரை, மீளக் குடியேறிய ஆண்டில் கொடுத்த தகரம்.
போட்ட புதிதில் கண் கூசுமாம்.
இப்போது மேற்குப் பக்கம் முழுக்கச் செம்பழுப்பு.
"மினுக்கம் எங்கை போச்சுதெண்டு தெரியேல்லை" என்கிறாள்.
எனக்குத் தெரியும்.
மழை இரும்பைத் தொடுமுன்
தான் முந்திக்கொண்டு கரைவது அதன் குணம்.
பன்னிரண்டு மாரியாய் அதைத்தான்
தேத்தண்ணியில் குடித்திருக்கிறார்கள்.
"துவர்க்குது பிள்ளை. காய்ச்சினாப் பிறகும் துவர்க்குது."

பெட்டியைத் திறந்தேன்.
பொடிப் பைக்கற்றின் முதுகில் சிவப்பு எழுத்து:
உள்ளே கொஞ்சம் சயனைட்.
எல்லா உலோகத்துக்கும் அது முதலில் வாய்கட்டும்;
பிறகு விடும் துளிகள்
நாகத்தை மட்டும் அவிழ்த்துவிடும்.
கொழும்பில் பயிற்சியின்போது
இந்த எச்சரிக்கையை உரக்க வாசித்தவள் நான்தான்.
இங்கே அந்தப் பக்கத்தை
உள்ளங்கைக்குள் திருப்பிக்கொள்கிறேன்.
குப்பி என்ற சொல்லையும்
மாங்குளம் தாண்டினால் எடுப்பதில்லை.
கண்ணாடிக் குழாய் என்பேன், சிலவேளை போத்தல்.
யோகமலரின் சுவரில் மாலை போட்ட படம் ஒன்று.
பதினெட்டு வயது இருக்கலாம்.
நான் கேட்கவில்லை.

பொடி கரைந்து செம்மஞ்சள்.
துளிகள்.
முப்பது எண்ணும்வரை குலுக்கல்.
பிறகு மூன்று நிமிடம்.
அதற்குள் ஒரு கோழி வந்து பெட்டியைக் கொத்திப் பார்த்தது,
ஒழுங்கையில் மரியசீலன் வானின் ஹோர்னை அடித்தான்,
செம்மஞ்சள் மண்ணிறமாகி
மண்ணிறம் நாவற்பழமாகி
பிறகு
சந்தேகமே இல்லாத நீலம்.

"கடிச்சாலும் உப்பிடித்தான் நீலம் பாரிக்கும்" என்றான் கபிலாஷ்.
தலையில் ஒரு குட்டு விழுந்தது.

வெயிலுக்குத் திருப்பி அட்டையோடு ஒப்பிட்டேன்.
இரண்டு தசம் ஆறு.
"பயமில்லை, துவர்ப்பு மட்டுந்தான்.
முதல் மழையைப் பிடியாமல் விடுங்கோ."

தலையாட்டினாள். ஆனால் வழிவிடவில்லை.
"வேறை ஒண்டும் இல்லையோ தண்ணியிலை?"
தாங்கியைப் பார்த்துக் கேட்கவில்லை,
கிணற்றைப் பார்த்துக் கேட்டாள்.
"திரும்பி வந்த உடனை இறைச்சனாங்கள்.
ஒன்பது நாள் இறைச்சனாங்கள்."

எது வந்தது என்று அவளும் சொல்லவில்லை.
என் பொடிக்கு ஒரேயொரு பெயர்தான் தெரியும்.
கூப்பிட்டால் அது நீலமாய் எழுந்து வரும்.
மற்றப் பெயர்களுக்கு
இந்தப் பெட்டியில் நிறம் இல்லை.
படிவத்தின் அடியில் "வேறு குறிப்புகள்" என்று
இரண்டு வரி இடம்.
கிணறு ஒன்பது நாள் இறைக்கப்பட்டது
என்று எழுதினேன்.
யார் வாசிப்பார்களோ.

சோதித்த தண்ணீரை மண்ணில் ஊற்றக்கூடாது.
மூடிய கானில் சேர்த்துக்
கிளிநொச்சிக்குக் கொண்டுபோக வேண்டும்.
வானில் கால்களுக்கிடையே இறுக்கிப் பிடித்திருக்கிறேன்
ஐந்து வீட்டு நீலத்தை.
"கவனம், ஊத்திப்போடாதேங்கோ" என்கிறான் மரியசீலன்,
ஒவ்வொரு குழியிலும்
சில்லை மெல்ல இறக்கி, மெல்ல ஏற்றி.